இரண்டு சிம் போனும் ஒரு மதுரைக்காரரின் காப்புரிமை வழக்கும்

நம் கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் செல்போனைத் திறந்து பார்த்தால் அநேகமாக இரண்டு சிம் கார்டுகள் இருக்கும். ஒரு நம்பர் வாடிக்கையாளருக்கு, இன்னொரு நம்பர் மண்டிக்கும் லாரி செட்டுக்கும் என்று பிரித்து வைத்திருப்போம். இந்த ஏற்பாடு தம்முடைய கண்டுபிடிப்பு என்று சொல்லி, அதற்கு மத்திய அரசின் காப்புரிமையும் பெற்று, சாம்சங் முதலான உலகக் கம்பெனிகளோடு மோதியவர் நம் மதுரையைச் சேர்ந்த எஸ். ராம்குமார். இது நம் உறுப்பினர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்த சிலரும், "பெரிய கம்பெனிக்காரன் பணத்தை வைத்து ஜெயித்துவிட்டான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமானதல்ல.

மளிகைக் கடைக்காரருக்கும் மொத்த வியாபாரிக்கும் காப்புரிமைச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வழக்கில் நின்றது சரக்கு. சரக்கு நின்றால் அதன் வலி எங்கே போய் முடியும் என்பது நமக்குத் தெரியும். தவிர, சட்டத்தின் வாசகப்படி கண்டுபிடிப்பைத் திருடிச் செய்தவன் மட்டுமின்றி, அதை விற்றவனும் பொறுப்பாளிதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் 2002ஆம் ஆண்டை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். செல்போன் அப்போது வசதியுள்ளவர் கையில் மட்டும் இருந்த சாமான். நமக்கு வருகிற காலுக்கும் நாமே காசு கொடுத்தோம். உள்வரும் கால் இலவசமானது 2003 மே மாதத்தில்தான். தமிழ்நாட்டில் ஏர்செல்லும் பி.பி.எல்.லும் இருந்தன. பி.எஸ்.என்.எல். செல்போன் சேவை 2002 அக்டோபரில் வந்து சேர்ந்தது. ஒரு கம்பெனியின் சிக்னல் திருமங்கலத்தில் நன்றாகக் கிடைக்கும், பேரையூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் அற்றுப்போகும். இன்னொன்று கிராமத்தில் கிடைக்கும், ஆனால் அதன் கட்டணம் கட்டுப்படியாகாது. சரி, கம்பெனியை மாற்றிக்கொள்ளலாம் என்றால் நம்பரும் மாறிவிடும். பில் புத்தகத்தில் அச்சடித்த நம்பர், போர்டில் எழுதிய நம்பர், முப்பது ஊர்க் கடைக்காரர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் நம்பர், இதை எப்படி மாற்றுவது? நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி நாடு முழுவதற்கும் 2011 ஜனவரி 20ஆம் தேதிதான் கிடைத்தது. அதுவரை நம்மில் பலர் சட்டைப்பையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாக இரண்டு போன்களைச் சுமந்தோம்.

இப்படிப்பட்ட நேரத்தில், 2002 மார்ச் 4ஆம் தேதி, ராம்குமார் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுச் செய்தார். ஒரே செல்போனில் வெவ்வேறு நெட்வொர்க்குகளின் சிம் கார்டுகள் பலவற்றைப் போடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட இயர்போன், புளூடூத் இணைப்புகளை வைத்துக்கொண்டு அவற்றில் பேசலாம் என்பது அவர் எழுதிக்கொடுத்த ஏற்பாட்டின் சாரம். ஆறு ஆண்டுகள் கழித்து, 2008இல், 214388 என்ற எண்ணில் காப்புரிமை வழங்கப்பட்டது. மனுத் தேதியிலிருந்து 20 ஆண்டுகளுக்கு, அவர் அனுமதியின்றி அந்தப் பொருளை யாரும் இந்தியாவில் செய்யவோ, விற்கவோ, இறக்குமதி செய்யவோ கூடாது என்பது அதன் பொருள்.

காகிதம் கைக்கு வந்த வேளையும் கவனிக்கத்தக்கது. இரண்டு சிம் போன்கள் நம் சந்தையில் வெள்ளமாக நுழைந்தது ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். மைக்ரோமேக்ஸ், ஸ்பைஸ் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகள் சீனாவிலிருந்து போன்களை வரவழைத்துத் தம் பெயரைப் போட்டு விற்றன. பெயரே இல்லாத சீனப் போன்களும் மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் குவிந்தன. முறையான அடையாள எண் இல்லாத போன்களின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று 2009 கடைசியில் அரசு உத்தரவு போட்டதும், அந்தப் போன்களை வாங்கியவர்கள் தவித்ததும் நினைவிருக்கும். நோக்கியாவுக்கு ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை இருந்தும், அந்தக் கம்பெனி இரண்டு சிம் போனை இங்கே கொண்டுவந்தது 2011இல்தான். வாடிக்கையாளர் கேட்கிற சரக்கை மூன்று வருஷம் வைக்காத கடைக்கு என்ன நேருமோ அதுதான் அதற்கும் நேர்ந்தது. ஆக, ராம்குமார் கையில் இருந்த பத்திரம் ஏதோ மூலையில் கிடந்த பொருளுக்கானதல்ல. நாடெங்கும் அன்றாடம் விற்றுக்கொண்டிருந்த, சந்தையிலேயே வேகமாக ஓடிய சரக்குக்கானது.

சாதாரணமாகக் காப்புரிமைக்காரர் நீதிமன்றத்துக்குப் போவார், வழக்கு நடக்கும், பல வருஷம் ஆகும். ராம்குமார் நீதிமன்றத்துக்கும் போனார். ஆனால் அவர் எடுத்த கூர்மையான ஆயுதம் வேறு. 2007 மே 8ஆம் தேதி மத்திய அரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டிருந்தது. வர்த்தக முத்திரை, பதிப்புரிமை, காப்புரிமை முதலிய உரிமைகளை வைத்திருப்பவர் சுங்க இலாகாவில் பதிவு செய்துகொண்டால், அவர் உரிமையை மீறும் சரக்கு வெளிநாட்டிலிருந்து வரும்போது சுங்க அதிகாரிகளே அதை நிறுத்தி வைக்கலாம். போலிப் பேனா, போலி பேட்டரி, போலி சோப்பு இவற்றைத் தடுக்க இது நல்ல ஏற்பாடுதான். ராம்குமார் இந்த விதியின்படி தம் காப்புரிமையைப் பதிவு செய்தார். 2009இல் இரண்டு சிம் போன்கள் வந்திறங்கிய இடங்களில் சரக்குகள் நிறுத்தப்பட்டன. சாம்சங் சரக்கும் இதில் சிக்கியது. சின்ன இறக்குமதியாளர்களின் சரக்கும் சிக்கியது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மதுரையில் உட்கார்ந்திருக்கும் ஒரு தனி மனிதர், கையில் ஒரே ஒரு பத்திரத்தை வைத்துக்கொண்டு, கொரியாவிலிருந்து ஆட்சி செய்யும் கம்பெனியின் கன்டெய்னரை நிறுத்தினார் என்றால் யாருக்கும் ஒரு சந்தோஷம் வரத்தான் செய்யும். எனக்கும் வந்தது. ஆனால் அதே கன்டெய்னர் வரிசையில் கடன் வாங்கிச் சரக்கு எடுத்த நடுத்தர வியாபாரியும் நின்றிருந்தார். அவருக்கு வட்டி ஓடும், டெமரேஜ் ஏறும், செல்போன் சரக்கோ மூன்று மாதத்தில் மாடல் பழசாகிவிடும். பல வருஷத்துக்கு முன் எனக்கு வந்த பட்டாணிச் சரக்கு ஒன்று, ஒரு காகிதம் குறைவு என்று ஒரு துறைமுகத்தில் பதினோரு நாள் நின்றது. அந்தப் பதினோரு நாளில் விலை இறங்கியதும், வட்டியும் வாடகையும் சேர்ந்ததும், அந்த வருஷத்துப் பட்டாணி லாபத்தை முழுசாகத் தின்றுவிட்டன. ஆகவே, சரக்கை நிறுத்துவது என்பது தீர்ப்புக்கு முந்திய தண்டனை என்பதை அனுபவித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இதை அரசும் அறியாமல் இல்லை. அந்த விதிகள் வந்த சில மாதங்களிலேயே, 2007 அக்டோபரில், மத்திய சுங்க வாரியம் தன் அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. போலி முத்திரையை அதிகாரி கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். காப்புரிமை மீறல் அப்படியல்ல. எனவே நீதிமன்றம் ஏற்கனவே தீர்ப்புச் சொல்லியிருந்தால் ஒழிய, காப்புரிமை விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு நடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. யோசித்துப் பார்த்தால் நியாயம் புரியும். சோப்பு உறையில் ஓர் எழுத்து மாறியிருந்தால் நம் கடைப் பையனே சொல்லிவிடுவான். ஒரு போனுக்குள் இருக்கும் மின்சுற்று, மதுரைக்காரர் எழுதிக்கொடுத்த வாசகத்துக்குள் அடங்குகிறதா இல்லையா என்பதைத் துறைமுகத்தில் நின்றுகொண்டு எந்த அதிகாரியால் சொல்ல முடியும்? அப்படியிருந்தும் சரக்கு நின்றது. கம்பெனிகள் நீதிமன்றங்களுக்கு ஓடின. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குகள் எழுந்தன.

இதற்கிடையில் சாம்சங்கும் ஸ்பைஸும் வேறொரு வழியில் போயின. அப்போது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் என்று ஒன்று இருந்தது. அங்கே போய், "இந்தக் காப்புரிமையை நாங்கள் மீறவில்லை என்று வாதாட வரவில்லை, இந்தக் காப்புரிமையே செல்லாது" என்று மனுச் செய்தார்கள். 2012 ஜூன் 1ஆம் தேதி வாரியம் தீர்ப்புச் சொன்னது. ராம்குமாரின் மனுவுக்கு முன்பே வெளிவந்த ஆவணங்களை வைத்துப் பார்த்தால், காப்புரிமைக்குத் தகுதியான புதுக் கண்டுபிடிப்பு இதில் இல்லை என்று கூறி, 214388ஆம் எண் காப்புரிமையை ரத்து செய்தது.

அரசாங்கமே ஆறு வருஷம் பரிசீலித்துக் கொடுத்த பத்திரத்தை இன்னொரு அமைப்பு எப்படி ரத்து செய்யலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. நிலம் வாங்கிப் பத்திரம் பதிவு செய்கிறோம். சார்பதிவாளர் முத்திரை வைத்துவிட்டார் என்பதாலேயே அந்த நிலம் விற்றவனுக்குச் சொந்தமாக இருந்தது என்று ஆகிவிடாது. நாளைக்கு மூலப்பத்திரத்தோடு ஒருவன் வந்து சிவில் கோர்ட்டில் நின்றால், நம் பத்திரம் வெறும் காகிதம். காப்புரிமையும் அதே மாதிரிதான். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே இது எழுதியிருக்கிறது. அலுவலகம் பரிசீலித்து வழங்கியதாலேயே அந்தக் காப்புரிமை செல்லும் என்று அரசு உத்தரவாதம் தரவில்லை என்பது அதன் பொருள். 64ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் யாரும் அதை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. நிலத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிற மாதிரி, கண்டுபிடிப்புக்கு முன் ஆவணங்களைத் தேடிப் பார்க்க வேண்டும். ஒரு வித்தியாசம் என்னவென்றால், நிலத்தின் வில்லங்கம் நம் சார்பதிவாளர் அலுவலகத்தோடு முடிந்துவிடும். கண்டுபிடிப்பின் வில்லங்கம் உலகம் முழுவதும் கிடக்கிறது. ஜப்பானில் ஒரு நூலகத்தில், ஜெர்மனியில் ஒரு பழைய மனுவில், யாரோ முன்னமே எழுதி வைத்திருந்தால் போதும், நம் பத்திரம் போச்சு.

உண்மையிலேயே இரண்டு சிம் யோசனை அப்போது உலகுக்குப் புதிதில்லை. பின்லாந்து நாட்டின் பெனிபோன் என்ற கம்பெனி 2000ஆம் ஆண்டிலேயே இரண்டு சிம் கார்டு போடும் போனை வெளியிட்டிருந்தது. அதில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் வேலை செய்யும், மற்றதுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ராம்குமார் சொன்னது அதைத் தாண்டிய ஏற்பாடுதான். ஆனால் அந்தத் துறையில் தேர்ந்த ஒருவர், முன்பிருந்ததை வைத்துக்கொண்டு எளிதில் யோசித்து வந்துவிடக்கூடிய தூரமா, இல்லை பெரிய தாண்டலா என்பதுதான் சட்டத்தின் கேள்வி. வாரியம் அதை எளிய தூரம் என்று எடுத்துக்கொண்டது.

இது அநியாயம் என்று கொதிப்பவர்களுக்கு நம் கடைச் சரக்கிலிருந்தே ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துகிறேன். 1995இல் அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, மஞ்சள் தூளைப் புண்ணுக்குப் போடுவதற்குக் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். நம் பாட்டிமார் செய்துவந்ததற்கு அமெரிக்கப் பத்திரம்! டெல்லியிலுள்ள அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் கழகம் அதை எதிர்த்தது. பழைய வைத்திய நூல்களையும் பத்திரிகைக் கட்டுரைகளையும் திரட்டிக் கொடுத்து, இது எங்கள் நாட்டில் காலங்காலமாகத் தெரிந்த விஷயம் என்று காட்டியது. 1997இல் அமெரிக்க அலுவலகம் தானே கொடுத்த காப்புரிமையைத் தானே ரத்து செய்தது. அப்போது ஈரோட்டு மஞ்சள் மண்டி முதல் நம் ஊர் மளிகைக் கடை வரை எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஏற்கனவே தெரிந்ததற்குப் புதிதாக உரிமை கொண்டாட முடியாது என்ற விதி அன்றைக்கு நம் மஞ்சளைக் காப்பாற்றியது. 2012இல் நம் மதுரைக்காரரின் பத்திரத்தைக் கிழித்ததும் அதே விதிதான். மஞ்சளுக்கு ஒரு நியாயம், செல்போனுக்கு ஒரு நியாயம் என்று கேட்க முடியாது.

இப்படிச் சொல்வதால் பணபலத்துக்கு இதில் வேலையே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உலகம் முழுக்கத் தேடி முன் ஆவணங்களைக் கொண்டுவர நிபுணர்கள் வேண்டும். நிபுணர்களுக்குச் சம்பளம் வேண்டும். சாம்சங்குக்கு அது ஒரு நாள் விளம்பரச் செலவு. தனி மனிதருக்கு அது வீட்டை அடமானம் வைக்கிற சமாசாரம். மேலும், ராம்குமாரிடம் இருந்தது ஒற்றைப் பத்திரம். அது விழுந்ததும் எல்லாம் விழுந்துவிட்டது.

இதற்கு நேர்மாறான நிலை அடுத்த ஆண்டே வந்தது. 2013 மார்ச்சில் ஸ்வீடனின் எரிக்சன் கம்பெனி, மைக்ரோமேக்ஸ் மீது டெல்லி உயர்நீதிமன்றத்தில் காப்புரிமை வழக்குப் போட்டது. எரிக்சனிடம் இருந்தது ஒரு பத்திரமல்ல, செல்போன் வேலை செய்யும் முறைக்கே அடிப்படையான காப்புரிமைகளின் தொகுதி. வழக்கு முடிவதற்கு முன்பே, விற்கும் ஒவ்வொரு போனின் விலையிலும் ஒரு பங்கை மைக்ரோமேக்ஸ் கட்ட வேண்டும் என்று இடைக்கால ஏற்பாடு ஆயிற்று. நாம் ஐயாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்கினால், அதில் ஒரு தொகை ஸ்வீடனுக்குப் போய்ச் சேரும் என்று அர்த்தம். ஆகக் கூடி, சின்ன உரிமையாளர் துறைமுகத்தில் சரக்கை நிறுத்திப் பார்த்தும் ஒன்றும் நிலைக்கவில்லை. பெரிய உரிமையாளர் வழக்கு நடக்கும்போதே வசூலைத் துவங்கிவிட்டார். இதைப் பார்த்து ஒருவர் கசப்படைந்தால் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன்.

சின்னவன் எப்போதுமே தோற்கிறான் என்பதும் சரியில்லை. அமெரிக்காவில் என்.டி.பி. என்று ஒரு சிறு கம்பெனி. தொழிற்சாலை கிடையாது, கடை கிடையாது. தாமஸ் கம்பானா என்ற என்ஜினீயர் கம்பியில்லாமல் ஈமெயில் அனுப்பும் முறைக்கு எடுத்து வைத்திருந்த காப்புரிமைகளே அதன் மொத்தச் சொத்து. பிளாக்பெர்ரி போன் செய்த கனடாக் கம்பெனி மீது 2001இல் வழக்குப் போட்டார்கள். 2002 நவம்பரில் ஜூரிகள் என்.டி.பி. பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். மேல்முறையீடு, மறுபரிசீலனை என்று இழுத்தது. 2004இல் கம்பானா காலமானார். கடைசியில் அமெரிக்காவில் பிளாக்பெர்ரி சேவையையே நிறுத்த வேண்டிவரும் என்ற நிலை வந்ததும், 2006 மார்ச்சில் அந்தக் கம்பெனி 61 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்து சமாதானம் செய்துகொண்டது. அன்றைய மதிப்பில் சுமார் 2,700 கோடி ரூபாய். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சமயத்தில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் என்.டி.பி.யின் காப்புரிமைகளை மறுபரிசீலனை செய்து, ஒவ்வொன்றாகச் செல்லாது என்று சொல்லிக்கொண்டிருந்தது. அங்கே கோர்ட் முந்திக்கொண்டது. இங்கே ரத்து முந்திக்கொண்டது. கண்டுபிடிப்பின் தரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், இரண்டு கதைகளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இந்தத் தேதிக் கணக்கில் இருக்கிறது.

நம் வழக்கு முடிந்த பிறகும் அதன் விளைவு நின்றுவிடவில்லை. 2018 ஜூன் 22ஆம் தேதி மத்திய அரசு 2007ஆம் ஆண்டு விதிகளைத் திருத்தி, காப்புரிமையை அதிலிருந்து எடுத்துவிட்டது. இப்போது முத்திரை, பதிப்புரிமை போன்றவற்றுக்காகச் சுங்க இலாகாவில் பதிவு செய்து சரக்கை நிறுத்தலாம். காப்புரிமைக்காக அந்த விதியின்படி நிறுத்த முடியாது. நீதிமன்ற உத்தரவோடுதான் வர வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு எடுக்கும் நம் உறுப்பினர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ராம்குமாரின் காப்புரிமையை ரத்து செய்த அந்த மேல்முறையீட்டு வாரியமும் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டு, அதன் வேலை உயர்நீதிமன்றங்களுக்குப் போய்விட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தில் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு 2023 முதல் இயங்குகிறது.

கடைக்காரர் பொறுப்பு என்று முன்பு சொன்னேன். சட்டத்தின் 48ஆம் பிரிவு, காப்புரிமை பெற்ற பொருளைச் செய்வது, விற்பது, விற்பனைக்கு வைப்பது, இறக்குமதி செய்வது எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைக்கிறது. அதனால் நோட்டீஸ் கடைக்காரருக்கும் வரலாம். வந்தால் பயந்து பணம் கொடுக்க வேண்டியதில்லை, குப்பையில் போடவும் கூடாது. 111ஆம் பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அப்படி ஒரு காப்புரிமை இருப்பது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமும் இல்லை என்று நிரூபிப்பவரிடம் நஷ்டஈடு வாங்க முடியாது. பெட்டியில் "பேட்டன்ட்" என்று மட்டும் அச்சடித்து எண்ணைப் போடாமல் இருந்தால், அது நமக்குத் தெரிவித்ததாகக் கணக்கில் வராது. ஆனால் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து "தெரியாது" என்று சொல்ல முடியாது அல்லவா? அன்றைக்கே சரக்கு கொடுத்த டீலருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர் பதிலை வாங்கி ஃபைலில் வைத்துவிட வேண்டும். நோட்டீஸில் காப்புரிமை எண் இருக்கிறதா, அது உயிரோடு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டிலிருந்து வருஷா வருஷம் கட்டணம் கட்டாவிட்டால் காப்புரிமை காலாவதியாகிவிடும். எல்லாம் அலுவலகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கண் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

ஒரு விஷயத்தை இடையில் தெளிவுபடுத்திவிடுகிறேன். நம்மில் பலர் பெருங்காயத்துக்கும் அப்பளத்துக்கும் பெயர் பதிவு செய்துவிட்டு, "பேட்டன்ட் வாங்கிவிட்டேன்" என்று சொல்கிறார்கள். அது வர்த்தக முத்திரை. பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் பேரன் காலம் வரை நிற்கும். காப்புரிமை 20 வருஷத்தோடு சரி. ராம்குமாரின் காப்புரிமை ரத்தாகாமல் இருந்திருந்தாலும் 2022 மார்ச்சில் முடிந்திருக்கும்.

ராம்குமார் செய்ததில் எனக்குப் பெரிதாகத் தெரிவது அவர் முதலில் போய் எழுதிக்கொடுத்ததுதான். சரக்கு சந்தைக்கு வருமுன், கூட்டம் சேருமுன், மதுரையிலிருந்து ஒருவர் சென்னை அலுவலகத்துக்குப் போய் மனுவைப் போட்டிருக்கிறார். நம் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அதைச் செய்வதில்லை. அப்பள மெஷினுக்கும் பருப்பு உடைக்கும் மெஷினுக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ புது வேலைப்பாடுகளைச் செய்கிறார்கள். செய்த மறுநாளே பொருட்காட்சியில் வைப்பார்கள், நாலு பேருக்கு விற்பார்கள், அப்புறம் பக்கத்துப் பட்டறையில் அதே மெஷின் நிற்கும்போது சண்டைக்குப் போவார்கள். விற்ற பிறகு மனுச் செய்தால், தன் சொந்த விற்பனையே தனக்கு எதிரான முன் ஆதாரமாக வந்து நிற்கும்.

போன வருஷம் கப்பலூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்தார். வத்தல் காம்பு கிள்ளும் மெஷின் ஒன்று செய்திருந்தார். சம்பா வத்தல் உடையாமல் காம்பு மட்டும் விழுகிறது, ஓட்டிப் பார்க்க இரண்டு மூடை வேண்டும் என்றார். மூடை தருகிறேன், முதலில் தேடிப் பார் என்றேன். தேடியதில் காம்பு கிள்ளும் மெஷினுக்கு ஏற்கனவே பல மனுக்கள் இருந்தன. முகம் வாடிவிட்டது. பிறகு ஒரு வக்கீலை வைத்து நிதானமாகப் பார்த்ததில், அவருடைய சல்லடை ஆடும் விதம் மட்டும் வேறு எதிலும் இல்லை என்று தெரிந்தது. மெஷின் முழுவதற்கும் உரிமை கேட்காமல் அந்தச் சல்லடைக்கு மட்டும் முதற்கட்ட மனுப் போட்டார். தனி மனிதருக்கு இணையவழியில் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய கம்பெனி என்றால் 8,000. முழு விவரத்தையும் 12 மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், பரிசீலனைக்குத் தனியாக 4,000 ரூபாய் கட்ட வேண்டும், வக்கீல் செலவு வேறு. மனு எண் வந்த அன்று மாலையே இரண்டு மூடை சம்பா வத்தலை அவர் பட்டறைக்கு ஏற்றி அனுப்பினேன். முதல் மூடையில் கிலோவுக்கு ஐம்பது கிராம் உடைசல் விழுந்தது. சல்லடையை மறுபடி மாற்றிக்கொண்டிருக்கிறார்.